டெய்சி அக்கா கேட்ட சத்தம்

முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறியபோது செய்தி வந்தது. டெய்சி அக்கா மாரடைப்பில் காலமாகிவிட்டார். யாரும் வாய்விட்டு அழவில்லை. அதற்கும் தெம்பில்லாத நேரம் அது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நானும் அக்காவும் ஒன்பது ஆண்டுகள் ஒன்றாக வேலை பார்த்தோம். குழாய்களில் காற்று எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பது அவர் பொறுப்பு. காதுக்கு எட்டாத கசிவொலியைக் கேட்கும்படி மாற்றித்தரும் கருவியோடு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுவதும் நடப்பார். "கால் வலிக்குதுன்னா வுட்ருவாங்களா? நடந்துகினே இருக்க வேண்டியதுதான்" என்பார்.

கணவரை இழந்தவர். மகள் ஷாரன் ஆசைப்பட்டாள் என்று இரண்டு வெள்ளை எலிகள் வாங்கிக் கொடுத்திருந்தார். போன ஆண்டு அவற்றில் ஒன்று ஏழு குட்டிகள் போட்டது. ஆனால் தாய் குட்டிகளை நெருங்காமல் கூண்டின் மூலையில் ஒண்டிக்கொண்டது. இரண்டு நாளில் மூன்று குட்டிகள் செத்தன. "அதுங்க கத்தவே இல்லியேம்மா, பசிக்கலியா?" என்று ஷாரன் அழுதிருக்கிறாள்.

அந்தக் கேள்வி உறுத்த, அக்கா சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கசிவு கேட்கும் கருவியை வீட்டுக்கு எடுத்துப் போனார். கூண்டருகே பிடித்தார். மிச்சமிருந்த நான்கும் விடாமல் தாயைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. அந்தக் குரல்களை அமுக்கிக்கொண்டு வேறோர் அலறல். சுவர் பிளக்கில் செருகியிருந்த, நம் காதுக்குக் கேட்காத சத்தம் போட்டு எலி விரட்டும் மெஷின்! வீட்டு எலிகள் வந்து குட்டிகளைக் கடித்துவிடும் என்று பயந்து அவரே வாங்கி மாட்டியது. பிடுங்கி எறிந்தார். சாயங்காலத்துக்குள் தாய் நான்கையும் வாயில் கவ்வி ஒன்று சேர்த்துவிட்டது.

மறுநாள் பஸ்ஸில் சொன்னார்: "நம்ம காதுல உழலன்னதும் சத்தமே இல்லன்னு நெனச்சிட்டேன்டி. மூணும் கத்திக் கத்தியே செத்துகீது. நான் பக்கத்துல குந்திகினு சோறு துன்னுகினு இருந்தேன்."

அதன்பின் யார் பேசாமல் இருந்தாலும் என்னவென்று கேட்காமல் அவர் விடமாட்டார். இறப்பதற்கு முந்தின நாளும் என்னிடம், "இன்னாடி, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்றார். "தூக்கம்க்கா" என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் தன் இடது தோளைப் பிசைந்துகொண்டிருந்தார். கண்ணை மூடுமுன் அதைப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

சோழவரத்தில் அடக்கம். சீருடையோடு போய் நின்றோம். "அத்த, எங்கம்மா கம்பெனில எப்டி இருப்பாங்க?" என்று ஷாரன் கேட்டாள். எங்களுக்காக வெளியே நின்ற கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. "நல்லா இருப்பாங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அது போதாது என்றுதான் இதை எழுதுகிறேன். உறங்குங்கள் அக்கா. ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போய் ஷாரனிடம் இதைக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்.