பத்திரிகையில் முதல் பெயர்

“ராஜா கதை படிச்சா இங்க யாரும்மா வேலை குடுப்பா? ஜாவா படி.”

எதிர் அப்பார்ட்மெண்ட் ஆன்ட்டி குக்கர் விசிலுக்கு நடுவே சொன்னது இது. கல்யாணமாகி நான் ஜெர்சி சிட்டிக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் அமெரிக்க வரலாற்று வகுப்பில் சேர்ந்திருந்தேன். கணவரோடு ஓர் ஒப்பந்தம்: நல்ல கிரேடு வந்தால் வரலாற்றிலேயே டிகிரி, வராவிட்டால் கம்ப்யூட்டர் கோர்ஸ். பிறந்த வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என்ன படிப்பது என்பதையும் நானே முடிவு செய்ய வேண்டும் என்ற வீம்பு எனக்கு.

கிரேடில் பாதி, வகுப்பின் முன் நின்று பேசுவதற்கு. எனக்கு வந்த தலைப்பு, கடல் கடந்த காலனிகளை ஆண்டதில் இங்கிலாந்து ராஜாவின் பங்கு. ராஜா உத்தரவிட்டார், ஜனங்கள் பணிந்தார்கள் என்று எழுதிக்கொண்டு போனேன். புரொஃபஸர் அம்மா படித்துவிட்டுக் கேட்டார்: “அவர் இந்த ஊரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லையே. பிறகு எப்படி ஆண்டார்?”

அந்தக் குளிர்காலம் முழுவதும், ஹீட்டர் குழாய் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருக்க, படித்தேன். நியூ ஜெர்சிக்குக் கவர்னர் வந்தது ராஜாவின் பெயரில். உத்தரவுகள் வந்ததும் அவர் பெயரில். காரியம் பார்த்தவர்கள் மந்திரிகள்; வரி போட்டது பார்லிமெண்ட். ஆனால் காலனி ஜனங்கள் இங்கிலாந்தைவிட்டுப் பிரிந்து போனபோது பழி முழுவதையும் ராஜாவின் தலையில் போட்டார்கள்.

படித்ததும் சிரித்துவிட்டேன். இவரை எனக்குத் தெரியும்!

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை குடும்பத்தின் மூத்தவர் பெயரில்தான் அடிப்போம். என் கல்யாணத்துக்கு அழைத்தது பெரியப்பா. அவருக்கு எழுத்துத் தெரியாது. அச்சகத்தில் பிழை பார்த்தவள் மணப்பெண்ணான நானே. மண்டபம் பிடித்தது மாமா, சமையலுக்குச் சொன்னது அம்மா. பந்தியில் சாம்பார் தீர்ந்ததும் ஒருவர் கத்தினார்: “பேரு போட்டா ஆச்சா? பந்தியப் பாக்க வேண்டாமா?” பெரியப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாளியோடு ஓடிய காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது.

கணவரிடம் சொன்னதும் அவர் கேட்டார்: “உங்க பெரியப்பாவ இங்கிலாந்து ராஜாவாவே ஆக்கிட்டியா? கிரீடம் தலையில நிக்காதுடி, சொட்டை!”

அவர் சிரித்தாலும் வகுப்பில் அதையே சொன்னேன். மஞ்சள் தடவிய பத்திரிகையைத் தூக்கிக் காட்டினேன். என் இங்கிலீஷ் தடுக்கினாலும் யாரும் முகம் சுளிக்கவில்லை. முடித்ததும் புரொஃபஸர் அம்மா விடவில்லை. “அப்படியானால் உன் பெரியப்பா வெறும் பெயர்தானா?”

அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. பிளஸ் டூ பரீட்சைக்கு முன்பே முகூர்த்தம் வைக்கலாம் என்று வீட்டில் எல்லோரும் பேசி முடித்திருந்தார்கள். கயிற்றுக் கட்டிலில் சும்மா உட்கார்ந்திருந்த பெரியப்பா வாய் திறந்தார். “வேண்டாம். புள்ள பரீட்ச எழுதட்டும். அதுக்கு முந்தி எம்பேரு போட்டுப் பத்திரிக அடிக்கக் கூடாது.” முகூர்த்தம் பரீட்சைக்குப் பிறகு தள்ளிப்போனது.

“இல்லை,” என்றேன். “அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியும்.” ராஜாவுக்கும் அந்த அதிகாரம் இருந்தது. இந்த ஊர்ச் சபை போட்ட சட்டம் கப்பலேறி லண்டன் போகும். பிடிக்கவில்லை என்றால் ராஜாவும் அவருடைய ஆலோசனைச் சபையும் தள்ளிவிடுவார்கள். காரியம் பார்க்காதவரின் ஒரே சொல்லில் ஒரு சட்டம் செத்துப்போகும். என் விஷயத்தில் ஒரு படிப்பு பிழைத்தது.

எனக்கு ஏ கிரேடு கிடைத்தது. அந்த வாரமே ஆன்ட்டி லிஃப்டில் பிடித்துக்கொண்டார். “என்னம்மா, ஜாவா கிளாஸ் எப்ப?”

“டிகிரிக்கு அப்ளை பண்ணிட்டேன் ஆன்ட்டி. ஹிஸ்டரி.”