துரைக்கு என்று சொன்ன வண்டி

மேல்கந்தைத் தேயிலைத் தோட்டத்தில் யாகோப்புவை எல்லோரும் டாக்டரய்யா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் டாக்டர் இல்லை. மருந்து கலக்கவும், வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போடவும், யாரைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று பார்த்துச் சொல்லவும் படித்த மருந்துக்காரர், டிஸ்பென்சர். கிறிஸ்தவர். நாற்பத்திரண்டு வயது. மெலிந்த உடம்பு, நீண்ட கால்கள். அந்தக் கால்களுக்கு வேலை அதிகம். வெள்ளைக்காரத் துரை ஒருவர் நடத்திய அந்தத் தோட்டத்துக்கு மூன்று டிவிசன். அவர் வைத்தியம் பார்க்கும் மருந்துக் காம்பராவிலிருந்து கீழ் டிவிசன் ஏழு மைல். வாரம் இரண்டு முறை அவர் முன்னால் நடக்க, மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பொன்னையா பின்னால் நடப்பான்.

பதுளைக்கு ரயில் வந்து இரண்டு வருடம் ஆன ஆனி மாதத்தில், கீழ் டிவிசனில் லெட்சுமி என்ற கொழுந்து பறிக்கிற பெண்ணுக்குப் பிரசவம் ஆகி ரத்தம் நிற்கவில்லை. ஆள் ஓடி வந்து சொல்லி, யாகோப்பு மழையில் ஏழு மைல் நடந்து போய்ச் சேர்ந்தபோது அவள் உடலை லயத்து வீட்டு வாசலில் கிடத்தியிருந்தார்கள். அவர் நனைந்து வந்திருப்பதைப் பார்த்து அவள் புருஷன் துடைத்துக்கொள்ளத் துணி எடுத்துக் கொடுத்தான். அந்தத் துணியைக் கையில் வாங்கியபோதுதான் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியே தீருவது என்று யாகோப்பு முடிவு செய்தார்.

மனைவி றோசாலி மறுப்புச் சொல்லவில்லை. எட்டு வருடச் சேமிப்பு இருந்தது. "தொரைகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

"எதுக்கு? என் காசு. என் காலு. தொரைக்கு இதுல என்ன?"

சனிக்கிழமை காலை கறுப்புக் கோட்டும் தலைப்பாகையும் காலில் சப்பாத்தும் போட்டுக்கொண்டு கிளம்பினார். பொன்னையாவும் கூட வந்தான். பெட்டி தூக்குகிற வேலை குறைந்துவிடுமே என்ற கவலை அவனுக்குத் துளியும் இல்லை. வழி நெடுக, வண்டி என்ன நிறம், எத்தனை பேர் உட்காரலாம், மாடு மாதிரி தண்ணீர் குடிக்குமா என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

பதுளைக் கடைத்தெருவின் மேல்கோடியில் இருந்தது அந்த மோட்டார் கம்பெனி. ரயில் வந்த கையோடு கட்டிய பெரிய மண்டபம். தெருப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருபதுக்கும் மேற்பட்ட மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. பொன்னையா கம்பளியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளிப்படியில் உட்கார்ந்துவிட்டான். "நீங்க போயிட்டு வாங்கய்யா. நான் இங்கேருந்தே பாக்குறேன்."

உள்ளே மேசைக்குப் பின்னால் கழுத்துப்பட்டி கட்டிய இளைஞன் ஒருவன் இருந்தான். யாகோப்பு வணக்கம் சொன்னார். அவன் தலையை அசைத்துவிட்டு எழுதிக்கொண்டிருந்தான். யாகோப்பு நின்றார். கால் மணி நேரம் கழித்து ஒரு வெள்ளைக்காரர் வந்தார். இளைஞன் துள்ளி எழுந்தான். ஒரு வண்டிக்கு நான்கு வண்டி காட்டினான். வெள்ளைக்காரர் ஒன்றும் வாங்காமல் போனார். அடுத்து ஒரு கடை முதலாளி வந்தார், நாற்காலி கிடைத்தது. யாகோப்பு நின்றுகொண்டே இருந்தார். பச்சை நிறப் பெட்ரோல் தொட்டி வைத்த ஒரு வண்டியைக் கிட்டப் போய்ப் பார்த்தார். கைப்பிடியில் விரலை வைத்தார்.

"தொடாதே!" என்றான் இளைஞன்.

பத்து மணிக்கு வந்தவர் பன்னிரண்டரை வரை நின்றார். கடைசியில் இளைஞன் நிமிர்ந்து, "என்ன வேணும்? யார் அனுப்பினது?" என்றான்.

"நான் மேல்கந்தை டிஸ்பென்சர். மோட்டார் சைக்கிள் ஒண்ணு பாக்க வந்தேன்."

"கடுதாசி எங்கே?"

"என்ன கடுதாசி?"

"தோட்டத்து ஆளுங்களுக்குத் துரை கடுதாசி இல்லாம நாங்க வண்டி காட்டுறதில்ல. கம்பெனி உத்தரவு. போய் வாங்கிட்டு வா."

அந்த 'வா'தான் அவரைக் குத்தியது. இரண்டரை மணி நேரம் நின்ற கால் வலி, எட்டு வருடச் சேமிப்பு, தலைப்பாகைக்குள் வழிந்த வியர்வை எல்லாம் அதோடு சேர்ந்துகொண்டன. திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொன்னையா வாய் கொள்ளாத சிரிப்போடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வண்டி எனக்கில்ல" என்றார் யாகோப்பு. "துரைக்கு. எது நல்ல வண்டின்னு பாத்து வரச் சொல்லி என்னை அனுப்பினார்."

இளைஞன் எழுந்தான். "முதல்லயே சொல்லக் கூடாதா, மிஸ்டர்? உக்காருங்க, உக்காருங்க."

நாற்காலி வந்தது. தேநீர் வந்தது. படம் போட்ட புத்தகம் ஒன்றை அவர் மடியில் விரித்து வைத்தான். பின்புறத்திலிருந்து தாஸிம் என்ற மெக்கானிக்கைக் கூப்பிட்டான். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்த தாஸிம், பச்சைத் தொட்டி வண்டியை வெளியே உருட்டி மிதித்துக் கிளப்பினான். தெருவே அதிர்ந்தது. பொன்னையா எழுந்து நின்று கும்பிட்டான்.

அந்த ஒரு மணி நேரம் யாகோப்புவுக்கு இனிமையாகத்தான் இருந்தது. அதைப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். மலையேற்றத்தில் எப்படிப் போகும், மழையில் சறுக்குமா என்று கேள்வி மேல் கேள்வி கேட்டார். ஒவ்வொன்றுக்கும் "யெஸ் மிஸ்டர்" என்று பதில் வந்தது. பிறகு இளைஞன் ஒரு தாளை நீட்டினான்.

"திங்கக்கிழமை வண்டியைத் துரை பங்களாவுக்கே அனுப்புறோம். துரை ஓட்டிப் பாக்கட்டும். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

யாகோப்பு தாளை வாங்கவில்லை. "அவசரமில்ல. நான் கேட்டுட்டு..."

"துரைமாருக்கு நாங்க அப்படித்தான் செய்யிறது."

இப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்கு அந்த நாற்காலியிலிருந்து எழுந்து, பொய் சொன்னேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் எழவில்லை. 'துரைக்காக, யாகோப்பு' என்று எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் பொன்னையா கேட்டான். "வண்டி எப்ப வருதுங்க?"

"திங்கக்கெழம" என்றார். அது பொய்யில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

ஞாயிறு காலை ஜெபம் முடிந்ததும் துரையிடம் சொல்லிவிடலாம் என்று பங்களாவுக்குப் போனார். துரை பதுளைக்கு டென்னிஸ் ஆடப் போயிருப்பதாக பங்களா சமையல்கார அப்பு சொன்னான். யாகோப்புவுக்கு வருத்தம் வரவில்லை, அப்பாடா என்றிருந்தது. திங்கட்கிழமை விடியலில், ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் துரை நின்றார். ஒரு கங்காணியைத் திட்டிக்கொண்டிருந்தார். கோபம் தணியட்டும் என்று யாகோப்பு காத்திருந்தார். கோபம் தணிந்தது, துரை குதிரையேறிப் போய்விட்டார்.

அதற்குள் பொன்னையா மூன்று டிவிசனிலும் சொல்லி முடித்திருந்தான். நம்ம டாக்டரய்யா மோட்டார் சைக்கிள் வாங்கிட்டாரு. இனிமே ஆளனுப்பினா அரை மணியில வந்துருவாரு. மத்தியானம் கொழுந்து நிறுக்க வந்தவர்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு ரோட்டோரம் நின்றுவிட்டார்கள். யாரோ தப்பு மேளம் கொண்டு வந்திருந்தார்கள். பொன்னையா செவ்வந்திப்பூ மாலையோடு நின்றான். மருந்துக் காம்பரா ஜன்னலிலிருந்து யாகோப்பு பார்த்தார். கூட்டத்தில் லெட்சுமியின் புருஷனும் இருந்தான். ஏழு மைல் ஏறி வந்திருக்கிறான்.

சத்தம் முதலில் கேட்டது. பிறகு பச்சை வண்டி வளைவில் திரும்பி வந்தது. தப்பு முழங்கியது. பொன்னையா ஓடிப்போய்க் கைப்பிடியில் மாலையைப் போட்டான். தாஸிம் ஒன்றும் புரியாமல் காலை ஊன்றி நின்றான்.

"தொரை பங்களா எந்தப் பக்கம்?" என்று கேட்டான். "தொரைக்கு வண்டி கொண்டாந்திருக்கேன்."

தப்பு நின்றது.

யாகோப்பு பங்களாவுக்கு நடந்த அந்த அரை மைல், லெட்சுமிக்காக நடந்த ஏழு மைலை விட நீளம். கூட்டம் தள்ளித் தள்ளிப் பின்னால் வந்து வாசல் கேட்டில் நின்றது. பங்களாவின் முன் விறாந்தையில் துரை தாஸிம் கொடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். யாகோப்பு ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னார். நின்றது, கடுதாசி கேட்டது, பொய் சொன்னது, கையெழுத்துப் போட்டது. வேலை போகும் என்று எதிர்பார்த்தார். போனால் பரவாயில்லை என்றுகூட நினைத்தார்.

துரை சிரித்தார். முதலில் மெல்ல, பிறகு கண்ணில் நீர் வரும்வரை. உள்ளே திரும்பித் துரைசாணியைக் கூப்பிட்டு முழுக் கதையையும் சொன்னார். அந்த அம்மாளும் சிரித்தாள். பிறகு துரை படியிறங்கி வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்து, மாலையைக் கழற்றி யாகோப்புவின் கையில் கொடுத்துவிட்டு, ஏறி ஒரு வட்டம் ஓட்டினார். இறங்கும்போது முகம் மலர்ந்திருந்தது.

"நல்ல தெரிவு, டிஸ்பென்சர். இதை நானே வைத்துக்கொள்கிறேன்."

கேட்டில் நின்றவர்களுக்கு ஆங்கிலம் புரியவில்லை. சிரிப்பு புரிந்தது. யாகோப்பு மாலையோடு அவர்களை நோக்கி வந்தார். என்ன சொல்வது என்று நாக்குத் தேடிக்கொண்டிருந்தபோது பொன்னையா முந்திக்கொண்டான்.

"எல்லாரும் என்னய மன்னிச்சிருங்க. நான்தான் தப்பாச் சொல்லிப்புட்டேன். டாக்டரய்யா தொரைக்கு வண்டி பாக்கத்தான் போனாரு. நான் மடப்பய, அவருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்."

"போடா, மோட்டாரு பொன்னையா!" என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். யாகோப்பு வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். லெட்சுமியின் புருஷன் மட்டும் சிரிக்காமல் கீழ் டிவிசன் பாதையில் இறங்கிப் போனான்.

கால்நடையாகப் பதுளைக்குத் திரும்பக் கிளம்பிய தாஸிம், மருந்துக் காம்பரா வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்தான். குடித்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"ஐயா, ஒங்களுக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். கடைக்குப் பின்னால ஷெட்டுல பழைய வண்டி ஒண்ணு கெடக்கு. எஞ்சின் நல்லாருக்கு. எப்ப வேணாலும் வாங்க."

யாகோப்பு போகவில்லை. அந்தக் கண்ணாடிக் கதவை நினைத்தாலே முகம் எரிந்தது. அந்த இளைஞன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பான் என்று நினைத்தார். மாதம் ஒன்று, இரண்டு, ஏழு ஆனது. முன்போலவே நடந்தார். துரை பச்சை வண்டியில் கடந்து போகும்போதெல்லாம் கையசைத்தார். பொன்னையாவை எல்லோரும் மோட்டாரு பொன்னையா என்றே கூப்பிட்டார்கள். அவன் சிரித்துக்கொண்டே பெட்டியைத் தூக்கினான். அந்த ஏழு மாதத்தில் கீழ் டிவிசனுக்கு இரண்டு முறை அவர் நேரம் கடந்து போய்ச் சேர்ந்தார். ஒரு கிழவர் பிழைத்துக்கொண்டார். ஒரு குழந்தை பிழைக்கவில்லை.

குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த மாலை றோசாலி சோறு போடும்போது சொன்னாள். "ஒங்க வெக்கத்துக்கு இன்னும் எத்தன பேரு காத்திருக்கணும்?"

அவர் சாப்பிடாமல் எழுந்தார்.

மறுநாள் நடை பாதையில் நின்று, "பொன்னையா, அன்னைக்கு நான் வண்டி பாத்தது எனக்குத்தான். கடையில அவமானம் தாங்காமப் பொய் சொல்லிட்டேன்" என்றார்.

பொன்னையா பெட்டியை இறக்கவில்லை. "தெரியுங்க. கேட்டு வாசல்ல ஒங்க மொகத்தப் பாத்தேன்ல."

"பின்னே ஏன் பழியை நீ எடுத்துக்கிட்டே?"

"எனக்குப் போறதுக்கு என்னங்க இருக்கு?"

அந்தப் பதிலை யாகோப்புவால் தாங்க முடியவில்லை. அடுத்த நாள் பெரட்டுக்களத்தில், கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு முடித்ததும், எல்லோர் முன்னாலும் சொன்னார். பொன்னையா தப்பாகச் சொல்லவில்லை, பொய் சொன்னது தான்தான் என்று. சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியாயி என்ற வயசான பெண், "அதுக்கென்ன சாமி, எனக்கு இருமலுக்கு மருந்து குடுங்க" என்றாள். அவ்வளவுதான்.

அங்கேயே துரையிடம் கடுதாசி கேட்டார். துரை சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

பதுளைக் கடையில் அதே இளைஞன் இருந்தான். யாகோப்பு கடுதாசியை நீட்டி, "எனக்குத்தான்" என்றார். அவன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். அவனுக்கு அவரைக் கொஞ்சமும் நினைவில்லை. எந்தத் தோட்டம் என்று புதிதாகக் கேட்டான். ஏழு மாதம் எவனுக்குப் பயந்து நடந்தாரோ, அவன் அன்று சாயந்தரமே அவரை மறந்திருக்கிறான்.

தாஸிம் சொன்ன பழைய வண்டி நாலு மாதத்துக்கு முன்பே விற்றுப்போயிருந்தது. புதிது ஒன்று, இருந்ததிலேயே சின்னது, வாங்கினார். தாஸிம் இரண்டு நாள் கூட இருந்து ஓட்டப் பழக்கினான். தேயிலைச் செடிக்குள் மூன்று தடவை விழுந்தார். பொன்னையா பின்னால் உட்கார்ந்து, பெட்டியை மடியில் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொள்வான்.

அதற்குப் பிறகு பதினோரு வருடம் யாகோப்பு மேல்கந்தையில் இருந்தார். கீழ் டிவிசனில் எத்தனையோ பேரை நேரத்தோடு போய்க் காப்பாற்றினார். யாராவது அதைப் புகழ ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய்விடுவார். பிழைக்காமல் போன அந்தக் குழந்தையின் பேரைக் கேட்டு வைத்துக்கொள்ளக்கூட அன்று தனக்குத் தோன்றவில்லை என்று ஒரே ஒரு தடவை றோசாலியிடம் சொல்லியிருக்கிறார்.