வெயில் காட்டாத கடிதங்கள்

நான் துப்புரவு வேலைக்குப் போகும் வீட்டில் ஓர் அறையின் திரைச்சீலையை விலக்கக்கூடாது. அது தெரியாமல், முதல் வாரம், நல்ல வெயில் அடித்த ஒரு காலையில் விலக்கிவிட்டேன். வருடத்தில் பாதி நாள் வெயிலுக்கு ஏங்கும் அமெரிக்க ஊர் இது. வீட்டுக்காரக் கிழவர் இரண்டு ஸ்வெட்டர் போட்டபடி ஓடிவந்து, "நோ சன், நோ சன்!" என்று இழுத்து மூடினார். கொழும்பில், கொட்டாஞ்சேனையில், மழை விட்டால் தலையணை, பாய், பள்ளிக்கூடக் கொப்பி எல்லாவற்றையும் வெயிலில் போட்டு வளர்ந்த எனக்கு இது விளங்க ஒரு மாதம் ஆனது.

அந்த அறையில் இருப்பவை கடிதங்கள். ஓய்வுபெற்ற பல் வைத்தியரான அவர், இந்த நாடு பிறந்த காலத்தில் அதை நடத்திய தலைவர்கள் கைப்பட எழுதிய கடிதங்களை நாற்பது வருடமாக ஏலங்களில் வாங்கிச் சேர்க்கிறார். ஒவ்வொன்றும் தனித்தனி உறையில், தட்டையான பெட்டிக்குள் படுத்திருக்கிறது. ஒருநாள் என்னைக் கை கழுவித் துடைக்கச் சொல்லிவிட்டு ஒரு கடிதத்தைக் காட்டினார். யுத்தம், சட்டம் என்று ஏதோ பெரிய விஷயம் இருக்கும் என நினைத்தேன். அவர் வரி வரியாக வாசித்துச் சொன்னார். அனுப்பிய அப்பிள் கன்றுகள் வந்து சேர்ந்தன, இரண்டு வழியிலேயே வாடிவிட்டன, பதில் எழுதப் பிந்தியதற்கு மன்னிக்கவும். அவ்வளவுதான்.

எனக்கு அந்தத் தாள் மீது பொறாமை வந்தது. அதே கொழும்பின் வெள்ளவத்தையில், காலி ஊருக்குப் போகும் பெருவீதியோரப் போட்டோக்கொப்பிக் கடை ஒன்றில் பதினைந்து வருடம் லெமினேட் மெஷினுக்கு முன்னால் நின்றவள் நான். என் பத்தாம் வகுப்புப் படிப்புக்கு அது நல்ல வேலை. நாலாக மடித்து, வியர்வையில் ஊறி, மடிப்பில் கிழிந்த பிறப்புச் சான்றிதழ்களும் பொலிஸ் பதிவுகளும் வரும். யுத்தம் நடந்த, காட்டத் தாள் இல்லாமல் தமிழர் வீதியில் நடக்க முடியாத காலம். "தங்கச்சி, கவனம், இது ஒண்டுதான் இருக்கு" என்பார்கள். சூடாக வெளியே வந்ததும் தொட்டுப் பார்த்து முகம் தெளிவார்கள். எங்கள் தாள்களுக்குச் சட்டைப்பையும் மழையும் சோதனைச்சாவடியும். அப்பிள் கன்று பற்றி எழுதிய கடிதத்துக்குத் தனி அறை.

அந்தப் பொறாமையோடு, எனக்கும் ஒரு தொழில் தெரியும் என்று காட்டும் ஆசையில், "ஐ கேன் லெமினேட், சேர். ஃபிஃப்டீன் இயர்ஸ்" என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சூட்டில் பசை தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு பிரிக்க முடியாது, தாள் உள்ளே கிடந்து பழுக்கும் என்று விளக்கினார். கைப்பட எழுதிய கடிதத்துக்கும் அப்படிச் செய்கிறவர்கள் உண்டா என்று கேட்டார்.

"ஊரில் ஒரு கடைக்காரி," என்றேன்.

"பாவம், முட்டாள்," என்றார், மிக அன்பாக.

வெள்ளவத்தையில் இதை வாசிப்பவர்களே, உங்கள் அலுமாரியிலும் அந்த முட்டாள் ஒட்டிய தாள் இருக்கலாம். எடுத்துப் பாருங்கள்.

அப்பா துறைமுகத்தில் வேலை செய்துவிட்டுப் பிறகு கப்பலில் போனார். முதல் பயணத்திலேயே காய்ச்சலில் இறந்துவிட்டார். அதற்கு முன் ஒரே உறையில் இரண்டு கடிதம் போட்டிருந்தார். அக்காவுக்கு இரண்டு பக்கம், எனக்கு ஒன்று. எனக்கு ஒரு பக்கம்தான் என்பதை நான் இன்றுவரை மறக்கவில்லை. அக்கா தன்னுடையதை யாருக்கும் காட்டாமல் செபப்புத்தகத்துக்குள் வைத்தாள். நானும் கேட்கவில்லை. என்னுடையதைக் கடை மெஷினில் கொடுத்துக் கண்ணாடிபோல மினுங்க வைத்து, அவள் கண்ணில் படும்படி அலுமாரியில் சாத்தி வைத்தேன். கிரீன் கார்ட் லொத்தர் விழுந்து அமெரிக்காவுக்கு வரும்போதும் அதைத்தான் முதலில் பெட்டிக்குள் வைத்தேன். இப்போது அது தேயிலைச் சாயம் ஊற்றியதுபோலக் கிடக்கிறது. நாலைந்து வரிதான் தெரிகிறது. அக்காவுக்குச் சொன்னதில்லை.

போன வாரம் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பமுன் அக்கா வீடியோவில் வந்தாள்.

"நாளைக்கு வெள்ளவத்தைக்குப் போறன். உன்ட பழைய கடையில அப்பாட கடிதத்தை லெமினேட் பண்ணக் குடுக்கப்போறன். உனக்கு இருந்த புத்தி எனக்கு அப்ப இருக்கேல்ல."

"ஓம் அக்கா, குடு," என்றது என் வாய்.

அவள் மீன் விலையைப் பற்றியும் பக்கத்து வீட்டு நாயைப் பற்றியும் கதைத்துக்கொண்டிருந்தாள். நான் சும்மா இருந்தால் போதும். சில வருடத்தில் அவளுடைய இரண்டு பக்கமும் என்னுடையதைப்போல ஆகிவிடும். அந்த நினைப்பு இனித்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். எங்கள் இருவரிடமும் சேர்த்து அப்பாவின் கையெழுத்து இனி அந்தச் செபப்புத்தகத்தில் மட்டும்தான் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

"அக்கா, குடுக்காத."

"ஏன்? கடை பூட்டியாச்சா?"

கிழவர் விளக்கியதைச் சொன்னேன். பழுத்த கடிதத்தைக் கமராவுக்கு முன்னால் பிடித்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"எடியே, நீ இதை மினுக்கி வச்சிருந்ததைப் பாத்து நான் எவ்வளவு நாள் எரிஞ்சனான் தெரியுமா?" என்றாள். "எனக்கு ரெண்டு பக்கம் எண்டு மூஞ்சைய நீட்டிக்கொண்டு திரிஞ்சாய். ரெண்டாம் பக்கம் முழுக்க உன்ட கதைதான். சின்னவள் வெக்கப்படுவாள், தனியக் கடைக்கு அனுப்பு, ஆக்களோட கதைக்கப் பழகட்டும் எண்டு."

"ஏன் எனக்குக் காட்டேல்ல?"

"நீ கேக்கேல்லயே." செபப்புத்தகத்தைத் திறந்துகொண்டே சொன்னாள். "காட்டினா எனக்கு மிஞ்சுறது ஒரு பக்கம்தானே."

அந்த இரண்டாம் பக்கத்தை எடுத்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். அங்கே பின்னேரம். கொட்டாஞ்சேனை வெயில் தாளுக்குள்ளால் வந்தது. அப்பாவின் எழுத்து கறுப்பாக எழும்பி நின்றது. கிழவர் கண்டிருந்தால் ஓடிவந்து மூடியிருப்பார். நான் என்னுடையதை இங்குள்ள ஜன்னல் பக்கம் திருப்பினேன். வெளியே பனி. தாளுக்குள் ஒன்றும் நுழையவில்லை. பிளாஸ்டிக்கில் வெள்ளை ஜன்னலும் என் முகமும் தெரிந்தன. அதற்கும் கீழே, எட்டாத ஆழத்தில், அப்பாவின் நாலைந்து வரிகள்.