பில்டு ஃபோல்டரை அழித்த நாள்

கம்ப்யூட்டரில் "அழிக்கவா?" என்று கேட்டு ஒரு பெட்டி வந்தால் அதை நான் இன்றைக்கும் மூன்று முறை படிப்பேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பெரியநாயக்கன்பாளையத்தில் போர்வெல் மோட்டாரை ஓட்டி நிறுத்தும் பேனல் பெட்டி செய்யும் சின்னக் கம்பெனியில் ஈயம் வைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். பேனலுக்குள் இருக்கும் போர்டுக்குப் புரோகிராம் எழுதியவர் பெங்களூருக்கு வேலை மாறியபோது, எதைத் தட்டினால் புரோகிராம் தயாராகும் என்று எனக்குக் காட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அது என் தலையில்.

அந்தப் பேனலின் முக்கியமான வேலை ஒன்றுதான். போரில் தண்ணீர் வற்றினால் மோட்டார் இழுக்கும் கரண்டு குறையும். ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் பேனல் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாவிட்டால் மோட்டார் கருகிவிடும். பல நூறு அடி ஆழத்தில் கிடக்கிற மோட்டாரை வெளியே எடுப்பதென்றால் அந்தச் செலவில் ஒரு குடும்பமே ஆடிப்போய்விடும். அந்த அளவு தப்பிப்போகவே கூடாது.

அந்த அளவுகள் ஓர் அட்டவணையில் இருந்தன. புரோகிராமைத் தயார் செய்யும்போது கம்ப்யூட்டர் அதைப் படித்துத் தானாக இன்னொரு ஃபைலை உண்டாக்கிக்கொள்ளும். நாங்கள் எழுதியது, அது உண்டாக்கியது, எல்லாம் ஒரே ஃபோல்டரில் கலந்து கிடந்தன. அன்னூர்ப் பக்கமிருந்து யாராவது பேனலை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வருவார். "சும்மா சும்மா நின்னு போகுதுங்க" என்பார். இன்னொருவர் "தண்ணி வத்துனாலும் நிக்க மாட்டேங்குதுங்க" என்பார். முதலாளி உள்ளே எட்டிப் பார்த்து, "ஆளு நிக்கறாருப்பா, சட்டுனு முடி" என்பார். அட்டவணையைத் தொட்டால் எல்லாம் முதலிலிருந்து தயாராகும், நேரம் பிடிக்கும். ஆகவே கம்ப்யூட்டர் உண்டாக்கிய ஃபைலிலேயே நேராக எண்ணை மாற்றிவிடுவோம். பெங்களூர்க்காரர் அப்படித்தான் செய்தார், முதலாளி அப்படித்தான் செய்யச் சொன்னார். வந்தவர் டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். ஒருவருக்காக மாற்றியது அடுத்தவருக்கும் ஒத்துவந்ததால் அப்படியே விட்டுவிடுவோம். அட்டவணையை மட்டும் யாரும் தொட்டதில்லை.

பீளமேட்டில் ஓர் ஐடி ஆபீசில் இருந்த பெண் எங்களிடம் என்ஜினீயராகச் சேர்ந்தார். வந்ததும் ஃபோல்டரைத் திறந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏனுங்ணா, இதென்ன எல்லாம் ஒண்ணாக் கெடக்குது? நாம எழுதறது சோர்ஸு, அதுக்கொரு ஃபோல்டரு. மிஷின் செய்யறது பில்டு, அது தனி ஃபோல்டரு. பில்டை எப்ப வேணும்னாலும் அழிச்சுக்கலாம். மாவு இருந்தா தோசைய மறுக்கா சுட்டுக்கலாமில்லீங்களா?"

"நாங்க தோசை மேலதான் உப்புத் தூவிப்போட்டோமுங்க, அம்மணி."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அப்ப மாவுல உப்பே இல்லீங்களா?"

"இல்லீங்க."

முதலாளிக்கு அவசரம். கோடைக்கு முன்னால் பேனல்களை வண்டியேற்ற வேண்டும். "இவனுக்குப் பயப்படறதே வேலை. ஊட்டைப் பூட்டிப்போட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து, திரும்பிப் போய் பூட்டை இழுத்துப் பாக்கறவன். நீ பண்ணு கண்ணு" என்றார்.

அந்தப் பெண் பழைய ஃபோல்டரைத் தொடவில்லை. பக்கத்தில் சோர்ஸைத் தனியாகப் பிரித்து வைத்து, காலியான பில்டு ஃபோல்டரில் புதிதாகத் தயார் செய்தார். ஒரு தப்பும் காட்டாமல் தயாரானது. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. போர்டில் ஏற்றி, பின்கட்டுத் தொட்டியில் மோட்டாரை ஓட்டி, தொட்டித் தண்ணீரை வெளியே திறந்துவிட்டோம். தண்ணீர் இறங்கியது. மீட்டரில் கரண்டு இறங்கியது. பேனல் நிறுத்தவில்லை. மோட்டாரின் சத்தம் மாறி உறுமலாக வந்தது. நான் ஓடிப்போய் மெயினை இழுத்துவிட்டேன்.

முதலாளி தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "உப்பில்லீன்னா இப்பிடியா?" என்றார்.

பிறகு பழைய ஃபைலையும் புதிய ஃபைலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து மூவரும் உட்கார்ந்தோம். எங்கெல்லாம் எண் மாறியிருக்கிறதோ அதைக் கம்ப்யூட்டர் மஞ்சளாகக் காட்டியது. இது இன்ன ஊர்க்காரருக்கு, இது கரண்டு குறைவாக வரும் தோட்டத்துக்கு என்று முதலாளியும் நானும் சொல்லச் சொல்ல, அந்தப் பெண் அட்டவணையில் ஏற்றிக்கொண்டே வந்தார். ஓர் எண்ணுக்கு மட்டும் இரண்டு பேருக்கும் காரணம் தெரியவில்லை. பெங்களூர்க்காரரைப் போனில் கூப்பிட்டோம்.

"யாரோ ஒருத்தர் நின்னுட்டிருந்தாருங்க, மாத்தி உட்டேன். எதுக்குன்னு இப்ப எங்க நாபகம் இருக்குது?" என்றார்.

தொட்டியில் அந்த எண்ணை வைத்தும் எடுத்தும் பார்த்தோம். எந்த வித்தியாசமும் இல்லை. எடுத்துவிடலாம் என்றார் முதலாளி. வேண்டாம் என்று கெஞ்சினேன். அந்தப் பெண் அதையும் அட்டவணையில் சேர்த்து, பக்கத்தில் "காரணம் தெரியாது, எடுக்க வேண்டாம்" என்று எழுதிவைத்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"பில்டை நீங்களே அழிச்சுப்போட்டு மறுக்கா தயார் பண்ணுங்ணா. பழசையும் எடுத்துருங்க. அது கெடந்தா ஆளு வந்து நிக்கறப்ப மறுபடி அதுலதான் கைய வெப்போம்."

"அழிக்கவா?" என்று பெட்டி வந்தது, அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "ஏப்பா, பாம்பையா புடிக்கச் சொன்னோம்?" என்று முதலாளி அதட்டியதும் அமுக்கினேன். ஃபோல்டர் காலி. பழையதையும் அழித்தேன். மறுபடி தயார் செய்து தொட்டியில் ஓட்டினோம். தண்ணீர் இறங்கியதும் பேனல் டக்கென்று நிறுத்தியது.

பேனல்கள் வண்டியேறின. அதன்பின் போன் அடித்தால் நான்தான் முதலில் ஓடிப்போய் எடுப்பேன். தொட்டி வேறு, தோட்டம் வேறு. காரணம் தெரியாத அந்த ஓர் எண் எங்கே போய் என்ன செய்கிறதோ என்று சாப்பிடும்போதும் நினைப்பேன்.

கோடை முற்றியபோது பல்லடம் பக்கமிருந்து ஒருவர் கூப்பிட்டார். "ஏனுங்க, உங்க பேனலுதானுங்க. மோட்டாரை நிப்பாட்டிப்போடுச்சு."

"கருகின வாசம் ஏதாச்சும் வருதுங்களா?"

"அதெல்லாமில்லீங்க. மேஸ்திரி வந்து பாத்தாரு, மோட்டாரு நல்லாத்தான் இருக்குதாமா. போர்லதான் தண்ணி இல்லீங்க."

இத்தனை நாள் அடைத்துக்கொண்டிருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. அது போனில் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். அவர் "தென்னை பூராக் காயுதுங்க" என்றார். "எத்தனை மரமுங்க?" என்று கேட்டேன்.