கண்ணையன் அண்ணனுக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர்

போன வாரம் அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் தன் மகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்க ஓர் இணையதளத்தைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே போடும் பாகங்களை நாமே ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொள்ளலாம். அவர் ஒரு பிராசசரைத் தொட்டார், அடுத்து ஒரு மதர்போர்டைத் தொட்டார். ‘இவை இரண்டும் பொருந்தாது’ என்று சிவப்பு எழுத்தில் வந்தது. சலித்துக்கொண்டே வேறொன்றைத் தொட்டார். பச்சையாகிவிட்டது. மூன்று விநாடி கூட ஆகியிருக்காது. எனக்கு வயிறு எரிந்தது. அந்தச் சிவப்பு எழுத்தைத் தெரிந்துகொள்ள ஒரு காலத்தில் எனக்கு மூன்று வாரமும், சென்னைக்கு ஒரு பயணமும், ஒரு தகரம் வெட்டும் கத்திரியும் தேவைப்பட்டன என்று அவரிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்லலாம்.

மயிலம் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்து முடித்து, விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கம்ப்யூட்டர் விற்பனையும் பழுது பார்ப்பதும் என்று பலகை சொல்லும். உண்மையில் நாள் முழுக்க ஜெராக்ஸ்தான். முதலாளி மூர்த்தி சாருக்கு வாரத்தில் மூன்று நாள் முகூர்த்தம் இருக்கும், நாலாவது நாள் திருவாமாத்தூர் கோயில். அவர் இல்லாத நேரத்தில் நான்தான் கடை. வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, “ஆளு யாரும் இல்லியா?” என்று கேட்பார்கள். “நான் இருக்கேனே” என்றால், “செரி, அவரு வர்ற வரைக்கும் ஒக்கார்றோம்” என்பார்கள். அதனாலேயே எனக்குள் ஒரு வெறி வளர்ந்திருந்தது. யாராவது வந்து, ஜெராக்ஸ் அல்லாத ஏதாவது கேட்க வேண்டும்; நான் யார் என்று விழுப்புரத்துக்குக் காட்ட வேண்டும்.

வந்தவர் விஜயா அக்கா. திண்டிவனத்தில் அங்கன்வாடி ஊழியர். ஸ்கூட்டியைக் கடை வாசலிலேயே நிறுத்தி, பூட்டி, பூட்டியதை இன்னொரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

“கேம் வெளாடற கம்ப்யூட்டரு வேணும்மா. வண்டி ஓட்டற கேமு.”

“பையனுக்காக்கா? எந்த வயசு?”

“நாப்பத்தேழு. என் ஊட்டுக்காரரு.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். கணவர் கண்ணையன் பதினெட்டு வருடம் விழுப்புரம் - திண்டிவனம் தடத்தில் பஸ் ஓட்டியவர். சர்க்கரையில் வலது கண் போய்விட்டது. இடது கண்ணும் சுமார்தான், சைக்கிள்கூட எடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிப்போவில், போகிற வருகிற பஸ்களின் நேரம் எழுதும் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். மனுஷனுக்கு அது தாங்கவில்லை. மனைவி அங்கன்வாடியில் இருக்கும்போது ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். சாவியை அரிசிப் பானையில் வைத்தும் ஆயிற்று, ஜாக்கெட்டுக்குள் வைத்தும் ஆயிற்று. மாற்றுச் சாவி செய்து வைத்திருக்கிறார். போன மாதம் ஒலக்கூர் ரோட்டில் வலது பக்கமிருந்து வந்த கரும்பு டிராக்டர் கண்ணில் படாமல், அதன் ஓரத்தில் உரசி விழுந்திருக்கிறார்.

“தோளு தேஞ்சதோட போச்சி. அடுத்த தபா இன்னா ஆவும்னு தெர்ல. எங்க அண்ணன் பொண்ணு போன்ல பஸ்ஸு கேம் ஒண்ணு வெச்சிருந்தா. இவரு அத வாங்கி ஒரு மணி நேரம் குடுக்கவே இல்ல. அப்பதான் கேட்டேன், பெருசா ஸ்டியரிங்கு வெச்சி ஊட்டுல போட்டுக் குடுத்தா சாவிய என் கையில குடுத்துடுவியான்னு. குடுக்கறேன்னாரு. சாமி மேல கைய வெச்சி சொல்லிட்டாரு.”

கையில் நாற்பதாயிரம் இருந்தது. சமையலறைக்கு ஓடு மாற்ற வைத்திருந்த பணம் என்பதையும் சொல்லிவிட்டுப் போனார். சொல்லாமல் போயிருக்கலாம்.

அன்று மாலையே பட்டியல் எழுதினேன். பிராசசர், மதர்போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க், இவற்றை எல்லாம் அடக்கும் கேபினெட் என்ற தகரப் பெட்டி, மானிட்டர், ஸ்டியரிங். நாற்பதாயிரத்துக்குள் எப்படி அடக்குவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இதைப் பற்றி நான் பார்த்திருந்த வீடியோக்கள் ஒரு பட்டத்துக்குப் போதும். மூர்த்தி சார் பட்டியலைப் பார்த்து ஒரே ஒரு திருத்தம் செய்தார். மதர்போர்டை அடித்துவிட்டு, இரண்டு வருடமாக விற்காமல் அலமாரியில் கிடந்த ஒன்றை எடுத்து வைத்தார். “இதப் போடு. மீதிய நீ பாத்துக்கோ.” பழைய அட்டைப் பெட்டியைத் திறந்ததும் புது பிளாஸ்டிக்கும் பழைய கரப்பான் மருந்தும் கலந்த ஒரு வாசனை வந்தது. இன்றைக்கும் ஏதாவது எலக்ட்ரானிக் சாமான் பெட்டியைப் பிரித்தால், அதில் கரப்பான் மருந்து வாசனை குறைகிறதே என்று எனக்குத் தோன்றும்.

மானிட்டர் எங்கள் கடையிலேயே இருந்தது. மற்றதை வாங்க சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. கண்ணையன் அண்ணன் கூட வந்தார். உயரமான ஆள், மடிப்புக் கலையாத சட்டை. ரயிலில் போகலாம் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். பஸ்ஸில்தான் போனோம். டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, மல்லாட்டை, அதாவது அவித்த வேர்க்கடலைப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, செங்கல்பட்டு வரும் வரை வலது காலால் தரையை மிதித்துக்கொண்டே வந்தார். டிரைவர் பிரேக் போட அரை நொடி முன்னால் இவர் கால் அழுந்தும். ஒருமுறை கூடத் தப்பவில்லை.

ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் என் பட்டியலை வாங்கிப் படித்தார். மதர்போர்டு எது என்று கேட்டார். சொன்னேன். பட்டியலைத் திருப்பிக் கொடுத்தார்.

“இந்த பிராசசரு அந்த போர்டுல ஒக்காராதும்மா. இதோட பின்னு வேற, அதோட பின்னு வேற.”

பக்கத்தில் நின்ற நாலு வாடிக்கையாளர்களும் என்னைப் பார்த்தார்கள். கண்ணையன் அண்ணன் மட்டும் பார்க்காத மாதிரி ஒரு மின்விசிறியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தக் கரிசனம்தான் என்னை அதிகமாக வெட்கப்பட வைத்தது. போர்டுக்குப் பொருந்தும் பழைய ரக பிராசசர் ஒன்றைக் கடைக்காரரே எடுத்துக் கொடுத்தார். விலை குறைவு, கொஞ்சம் பணம் மிஞ்சியது. போன மானத்தை மீட்க வேண்டுமே, அந்த மிச்சத்தையும் சேர்த்துப் பட்டியலில் இருந்ததைவிடப் பெரிய கிராபிக்ஸ் கார்டைக் கேட்டேன். செகண்ட் ஹேண்ட். இரண்டு மின்விசிறி வைத்து, செங்கல்லைவிட நீளமாக இருந்தது.

“ஏம்மா, எஞ்சின் பெருசானா சேசிஸ் தாங்கணும்ல?” என்றார் கண்ணையன் அண்ணன்.

“அண்ணா, இது பஸ் இல்ல” என்றேன். எவ்வளவு அழகாகச் சொன்னேன் என்று நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

மறுநாள் கடையில், கணவனும் மனைவியும் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். பிராசசர் உட்கார்ந்தது. ராம் உட்கார்ந்தது. கிராபிக்ஸ் கார்டை உள்ளே விட்டேன். முக்கால்வாசி போய் நின்றது. அதன் மூக்கு, ஹார்ட் டிஸ்க் வைக்கும் தகரக் கூண்டில் இடித்தது. சாய்த்துப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன். விஜயா அக்கா பெருமூச்சு விட்டார்.

“என் கல்யாணத்துக்கே இவ்ளோ பொருத்தம் பாக்கலம்மா.”

“பாத்திருந்தா நடந்திருக்காது” என்றார் கண்ணையன் அண்ணன். அவர் கேபினெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். தகரத்தை விரலால் தட்டினார். முகம் மலர்ந்தது. தனக்குத் தெரிந்த உலகத்துக்கு வந்துவிட்டார் போல. “இத இப்டி குடு. தங்கராசுகிட்ட எத்துக்கினு போவலாம்.”

தங்கராசு திண்டிவனத்தில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் கொட்டகை வைத்திருந்தவர். இரண்டு பஸ் எலும்புக்கூடுகளுக்கு நடுவே, பெயின்டும் வெல்டிங் புகையும் மண்டிய இடத்தில், என் கேமிங் கம்ப்யூட்டரின் உடம்பு ஒரு டயர் மேல் வைக்கப்பட்டது. தங்கராசு அதைச் சுற்றி வந்தார்.

“இன்னாடா இது, கோழிக்கூண்டா?”

“கம்ப்யூட்டருடா. ஜல்தியா வெட்டு.”

கூண்டின் பாதியைக் கத்திரியால் வெட்டி, ஓரத்தை மடித்து, கை கிழிக்காதபடி ராவி, இரண்டு ரிவிட் அடித்தார். பஸ்ஸுக்கு அடிக்கும் அதே ரிவிட். பத்து நிமிட வேலை. கார்டு நெய் வழிந்தாற்போல உள்ளே போனது. நான் படித்த படிப்பில் இப்படி ஒரு பாடமே இல்லை.

அந்தக் கொட்டகையிலேயே இன்னொரு பேச்சும் முடிந்தது. நான் வாங்கியிருந்த ஸ்டியரிங்குக்கு இரண்டே பெடல்: பிரேக், ஆக்சிலேட்டர். கியரை விளையாட்டே போட்டுக்கொள்ளும். கண்ணையன் அண்ணனுக்கு அது அவமானமாகிவிட்டது. “கிளட்சு இல்லாம ஓட்றதுக்குப் பேரு ராட்டினம்” என்றார். மூன்று பெடல் உள்ளதற்குப் பணமில்லை. தங்கராசு பழைய இரும்பைக் கிளறி, ஏதோ ஒரு வேனின் கிளட்ச் பெடலை எடுத்து, ஸ்பிரிங் வைத்து, ஒரு பலகையில் மற்ற இரண்டுக்கும் இடது பக்கம் முடுக்கிக் கொடுத்தார். அதிலிருந்து ஒரு ஒயர்கூட எங்கும் போகவில்லை. அமுக்கினால் கிறீச் என்று சத்தம் வரும், அவ்வளவுதான்.

“அண்ணா, இது ஒண்ணுமே பண்ணாதுண்ணா.”

“காலுக்குத் தெரியும்மா, அது போதும்.”

திண்டிவனத்தில் அவர்கள் வீட்டு முன்னறையில் எல்லாவற்றையும் அடுக்கி, ஞாயிற்றுக்கிழமை காலை பொத்தானை அமுக்கினேன். திரையில் நெடுஞ்சாலை விரிந்தது. கண்ணையன் அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, இல்லாத சைடு கண்ணாடியைச் சரிசெய்துவிட்டு, கிளட்சை மிதித்து, கிளம்பினார். நாற்பது போனது, ஐம்பது போனது, ஒரு மேடு வந்தது. பட்டென்று கம்ப்யூட்டர் அணைந்தது. மறுபடி போட்டோம். மறுபடி அதே மேட்டில் அணைந்தது. நான் விண்டோஸைக் குறை சொன்னேன், ஒயரைக் குறை சொன்னேன், திண்டிவனத்து மின்சாரத்தைக் குறை சொன்னேன். அவர் காதைக் கேபினெட்டிடம் வைத்துக் கேட்டார்.

“லோடு ஏறும்போதுதான் நிக்குது. டீசல் பத்தலம்மா.”

அது சரிதான். கேபினெட்டோடு ஓசியில் வந்த எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே மின்சாரம் கொடுக்கும் டப்பா, அவ்வளவு பெரிய கார்டுக்குப் போதவில்லை. என் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. கையிலும் பணம் இல்லை. விஜயா அக்கா சமையலறைக்குப் போனார். அங்கே ஒழுகுகிற இடத்தில் ஒரு குண்டான் வைத்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். ஸ்கூட்டி சாவி டிவி மேல் கிடந்தது. கண்ணையன் அண்ணன் அதைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். அவர் அதைக் கையில் எடுத்தால் அதற்கு நான்தான் பொறுப்பு என்று புரிந்தபோது, இருபத்திரண்டு வயதில் முதல்முறையாக ஒரு வேலையைப் பார்த்துப் பயந்தேன்.

“புது மானிட்டரைத் திருப்பிக் குடுத்துடறேன்க்கா,” என்றேன். “அந்தக் காசுல நல்ல எஸ்எம்பிஎஸ் வரும். எங்க கடைக்குப் பக்கத்துல மூடின பிரவுசிங் சென்டர்ல பழைய மானிட்டர் சும்மா கெடக்குது, கேட்டா குடுத்துடுவாங்க.”

மூர்த்தி சார் பிரித்த மானிட்டரைத் திரும்ப வாங்கமாட்டேன் என்றார். அவர் தலையில் கட்டிய மதர்போர்டைப் பற்றி வாடிக்கையாளரிடம் விளக்கமாகப் பேசட்டுமா என்று கேட்டேன். வாங்கிக்கொண்டார். எனக்கே என்னைப் பார்த்து ஆச்சரியமாக இருந்தது.

புதன்கிழமை அந்த மேட்டில் வண்டி நிற்கவில்லை. ஏறி, இறங்கி, ஒரு பாலத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. பழைய மானிட்டரின் இடது மூலை மஞ்சளாக இருந்தது. அங்கே எப்போதும் சாயங்காலம் என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஊர்கள் எல்லாம் ஐரோப்பா, பனி பெய்தது, ரோட்டில் வலது பக்கம் ஓட்ட வேண்டியிருந்தது. “பேஜாரா கீதே” என்று முனகியபடியே ஓட்டினார். ஒரு மணி நேரம் கழித்து நிறுத்தி, இறங்குவது போல் நாற்காலியிலிருந்து எழுந்து, சாவியையும் மாற்றுச் சாவியையும் எடுத்து மனைவி கையில் கொடுத்தார். விஜயா அக்கா இரண்டையும் வாங்கி எண்ணிப் பார்த்தார்.

“மூணாவது?”

அவர் காலண்டருக்குப் பின்னாலிருந்து மூன்றாவதையும் எடுத்துக் கொடுத்தார்.

அதன் பிறகு அவர் ரோட்டில் வண்டி எடுக்கவில்லை. நான் வேறு வேலைக்குப் போவதற்கு முன் கடைசியாக அவர்கள் வீட்டுக்குப் போனபோது அடுப்படிக்குப் புது ஓடு போட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“நல்லாத்தான் ஓடுது. எதுர வர்றவன் ஒருத்தனும் கை தூக்க மாட்டேங்கறான், அதான்.”

ஒற்றை ரோடாக இருந்த காலத்தில், விக்கிரவாண்டிக்கும் கூட்டேரிப்பட்டுக்கும் நடுவில் எதிரெதிரே வரும் டிரைவர்கள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து உயர்த்துவார்களாம். ஒரு விரல் என்றால் முன்னால் செக்கிங் நிற்கிறது. கையை ஆட்டினால் டீக்கடையில் காத்திரு. சும்மா உயர்த்தினால் சும்மா. “நாளைக்கு எண்பது, தொண்ணூறு பேருக்குக் கை தூக்குவேன்” என்றார். ரோடு நாலு வழிச்சாலையானபோதே அது குறைந்துவிட்டதாகவும் சொன்னார்.

இப்போது அந்தக் கடையில் போன் உறை விற்கிறார்கள். தங்கராசுவின் கொட்டகை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். கண்ணையன் அண்ணனும் விஜயா அக்காவும் ஓசூரில் கட்டிக்கொடுத்த மகளோடு இருக்கிறார்கள் என்று கேள்வி, எண் மாறிவிட்டது. நேற்று விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் பஸ்ஸில் போனேன். டிரைவருக்குப் பின்சீட்டு கிடைத்தது. ரோட்டின் நடுத்தடுப்பில் அரளிச்செடி ஆளுயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. அந்தப் பக்கம் போகும் பஸ்ஸின் கூரை மட்டும் தெரிகிறது. டிரைவர் நல்ல பையன், நிதானமாக ஓட்டினார். திண்டிவனம் வரும் வரை அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஸ்டியரிங்கை விட்டு எழவே இல்லை.