முகக்கவசத்தை மேலே தள்ளிய நான்கு நாட்கள்

டேல் வுகோவிச்சின் பெயர் எந்த ஆட்டத்தின் பட்டியலிலும் வந்ததில்லை. பதிமூன்று வருடமாக மில்வாக்கி பேஸ்பால் மைதானத்தின் வெளிச்சுவரை ஒட்டி, கம்பிவலை அடைத்த புல்பென்னில் அவர் பந்து பிடிக்கிறார். ஆட்டத்தின் நடுவில் பந்து வீச இறங்கவேண்டிய பிட்சர்கள் அங்கேதான் கையைச் சூடேற்றிக்கொள்வார்கள். தொலைபேசி அடிக்கும். யாராவது ஒருவர் எழுந்து இருபது பந்து வீசுவார். பிறகு கதவு திறக்கும், அவர் வெளிச்சத்துக்குள் ஓடுவார், நாற்பதாயிரம் பேர் எழுந்து கத்துவார்கள். டேல் கதவைச் சாத்திவிட்டு, கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் போய் உட்காருவார்.

வயது நாற்பத்தொன்று. மனைவி ஆறு வருடத்துக்கு முன்பே டல்சாவுக்குப் போய்விட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. "ஏப்ரல்ல போறே, அக்டோபர்ல வர்றே, வந்தும் பேசமாட்டேங்கிறே" என்று மட்டும் சொன்னாள். அது உண்மைதான். டேலுக்குத் தெரிந்த பேச்சு கையுறையின் சத்தம்தான். பந்தைச் சரியான குழியில் வாங்கினால் துப்பாக்கி வெடித்த மாதிரி கேட்கும். அந்தச் சத்தம் பிட்சருக்குத் தைரியம். சத்தத்தை வைத்தே அன்றைக்கு அந்தக் கை எப்படி இருக்கிறது என்று டேல் சொல்லிவிடுவார்.

அந்த வருடம் செப்டம்பர் கடைசியில் ஊரெல்லாம் ஒரே பேச்சு. வருடத்தின் சிறந்த பிட்சர் விருது யாருக்கு? போட்டியில் முன்னால் இருந்த இருவருமே மில்வாக்கிக்காரர்கள். ஒருவர் கார்ட்னர் ஹாஸ். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவர், முப்பத்தொரு ஆட்டம், இருநூற்று மூன்று இன்னிங்ஸ். இன்னொருவர் எஸ்தேபான் பெகெரோ. கடைசி இன்னிங்ஸுக்கு மட்டும் வருபவர். மொத்தம் அறுபத்தாறு இன்னிங்ஸ்தான், ஆனால் வருடம் முழுக்க விட்டுக்கொடுத்தது ஐந்தே ரன்.

புல்பென்னிலும் அதே வம்பு. "ஹாஸ் ஆறு இன்னிங்ஸ் வீசிட்டு, குளிச்சு, காபி குடிக்கிறப்பதான் நம்ம மகாராஜா ஷூவே மாட்றாரு," என்றான் இடதுகைக்காரன் கிம்மெல்.

"வீட்டைக் கட்டுறவன் சாயங்காலம் கிளம்பிப் போயிடுவான். தீப்பிடிச்சா யாரைடா கூப்பிடுவே?" என்றார் பெகெரோ.

"நீ வர்றப்போ பாதி நாள் அடுப்புல கூடத் தீ இருக்கிறதில்லையே."

எல்லோரும் சிரித்தார்கள். டேலும் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை காலை, லோர்னா ப்ரூசக் கம்பிவலை ஓரமாக வந்து நின்றார். நகரத்துப் பத்திரிகையில் இருபது வருடமாக எழுதுகிறவர். விருதுக்கு ஓட்டுப் போடுகிற நிருபர்களில் ஒருவர்.

"செவ்வாய்க்கிழமை அடுத்த சுற்று ஆரம்பிக்கிறதுக்குள்ள நான் பேரை அனுப்பணும். ரெண்டு பேரோட பந்தையும் வருஷம் முழுக்கக் கையில வாங்கினவர் நீங்க ஒருத்தர்தான். யாரை முதல்ல எழுதட்டும்?"

பதிமூன்று வருடத்தில் யாரும் டேலை எதுவும் கேட்டதில்லை. "நாளைக்குச் சொல்றேனே," என்றார்.

அவர் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. புல்பென் பயிற்சியாளர் ஹாலிஸுக்கும் அவருக்கும் நடுவில் ஓர் ஏற்பாடு உண்டு. சூடேற்றும் கடைசிப் பந்துக்குப் பிறகு, பந்து படாமலிருக்க டேல் மாட்டும் கம்பி முகக்கவசம் முகத்திலேயே இருந்தால், ஆள் தயார். அதைத் தலைக்கு மேல் தள்ளிவிட்டால், இன்றைக்கு வேண்டாம். ஹாலிஸ் தொலைபேசியில் ஏதோ சாக்குச் சொல்லி வேறொருவரை அனுப்பிவிடுவார். பெகெரோவுக்காக அந்த வருடம் நான்கு முறை முகக்கவசம் மேலே போயிருந்தது. அந்த நான்கு நாட்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. வெறும் ஐந்து ரன் என்பதில் அந்த நான்கு நாட்களுக்கும் பங்கு இருந்தது. ஹாஸுக்கு அப்படி ஒரு கதவு கிடையாது. கை செத்துக் கிடக்கிற நாளிலும் அவர் இறங்கித்தான் ஆகவேண்டும்.

இதைச் சொன்னால் பெகெரோவுக்குத் துரோகமா? சொல்லாவிட்டால் ஹாஸுக்கா? பெகெரோ ஒருவர்தான் மதியம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர். தன் அக்கா கொடுத்தனுப்பும் துவரை போட்ட சோற்றில் பாதியைக் கேட்காமலே டேலின் தட்டில் தள்ளிவிடுவார். அன்று மதியம் டேலுக்குச் சோறு இறங்கவில்லை.

"என்ன பெருசு, பல்லு வலியா?"

டேல் எல்லாவற்றையும் சொன்னார். லோர்னா கேட்டது, முகக்கவசம், நான்கு நாட்கள்.

பெகெரோ மென்றுகொண்டே கேட்டார். "தெரியும். நீ தள்றதைப் பார்த்திருக்கேன். மூணு நாள் நீ சொன்னது சரி. ஆனா ஆகஸ்ட்ல ஒரு நாள், அன்னைக்கு என் கை நல்லாத்தான் இருந்துச்சு. உன் கையுறைதான் புதுசு."

டேலுக்கு நினைவு வந்தது. பழைய கையுறையின் வார் அறுந்து, பழகாத புதுத்தோலை மாட்டிய நாள் அது. விறைத்த தோல், மந்தமான சத்தம். அதைக் கேட்டு, கை செத்துவிட்டது என்று முடிவுகட்டிவிட்டார். மாற்றாகப் போனவன் சுவரைத் தாண்டிய ஹோம் ரன் கொடுத்து ஆட்டமே போனது.

"ஏன் சொல்லலே?"

"மத்த மூணு நாளும் எனக்கு வசதியா இருந்துச்சே, அதான். பயந்துட்டுத்தான் இருந்தேன், நீ கதவைச் சாத்திட்டே." பெகெரோ டப்பாவை மூடினார். "அந்தம்மாகிட்ட என்ன வேணாலும் சொல்லு. ஆனா இனிமே முகக்கவசத்தை மேல தள்ளாதே. மோசமான நாள் வந்தா அதுவும் என்னோடதாவே இருக்கட்டும்."

மறுநாள் பிற்பகல், எட்டாவது இன்னிங்ஸில் தொலைபேசி அடித்தது. மூன்று ரன் முன்னிலை. பெகெரோ எழுந்து வீசினார். முதல் பந்திலேயே டேலுக்குத் தெரிந்துவிட்டது. பழகிய கையுறை, ஆனால் சத்தத்தில் உயிர் இல்லை. பந்து வளையவே இல்லை. கடைசிப் பந்து வந்தது. ஹாலிஸ் திரும்பிப் பார்த்தார். டேலின் கை கன்னம் வரை போயிற்று. பெகெரோ அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கை இறங்கியது. கதவு திறந்தது.

இருபத்தொன்பது பந்து. இரண்டு பேருக்குத் தப்பான பந்துகள் வீசி, அடிக்காமலே தளத்துக்கு நடக்கவிட்டார், ஒரு பந்தை நன்றாக அடிக்கவிட்டார், இரண்டு ரன் போயிற்று. கடைசி ஆட்டக்காரரை, வருடம் முழுக்கக் காட்டாத ஒரு மெதுவான பந்தைப் போட்டு அவுட்டாக்கினார். ஒரு ரன்னில் வெற்றி. வாளிமேல் உட்கார்ந்திருந்த டேலின் சட்டை நனைந்திருந்தது.

லோர்னா வலையோரம் வந்தார். "இப்பவாவது சொல்லுங்க."

"ஹாஸ் முதல்ல. பெகெரோ ரெண்டாவது."

"இன்னிக்கு அப்படி வீசி ஜெயிச்சதுக்கு அப்புறமுமா?"

"இன்னிக்கு ஒரு நாள்தானே. ஹாஸுக்கு அந்த மாதிரி எத்தனையோ நாள். கை சரியில்லேன்னா அவருக்குக் கதவைச் சாத்த ஆள் கிடையாது. இவருக்கு நான் இருந்தேன். நாலு தடவை சாத்தினேன், அதுல ஒண்ணு தப்பா."

"இதை உங்க பேர்ல எழுதலாமா?"

முந்தின நாள் முழுக்க, அச்சில் தன் பெயர் எப்படி இருக்கும் என்று டேல் நினைத்துப் பார்த்திருந்தார். "ஹாலிஸும் மாட்டுவாரு. வேண்டாம்."

"புல்பென்ல ஒருத்தர்னு?"

"இங்க அப்படிச் சொல்லக்கூடிய ஆள் நான் மட்டும்தான். வேண்டாங்க."

லோர்னா நோட்டை மூடிக்கொண்டு போனார்.

உடைமாற்றும் அறையில் பெகெரோ தோளில் ஐஸ் கட்டிக்கொண்டு தனியாக இருந்தார். "எத்தனாவது?" என்றார்.

"ரெண்டாவது."

பெகெரோ தலையை ஆட்டினார். ஐஸ்பையை இடம் மாற்றி வைத்துக்கொண்டார். "நாளைக்கு ஒரு மணிக்கு," என்றார்.

அது அந்தச் சுற்றின் கடைசி ஆட்டம். டேல் பன்னிரண்டரைக்கே வந்துவிட்டார். சரியாக ஒரு மணிக்கு பெகெரோ வந்து, பதினைந்து பந்து வீசிவிட்டுப் பேசாமல் போனார். அன்று சோற்று டப்பா வரவில்லை. கை நன்றாக இருந்தது. ஒவ்வொரு பந்தின் சத்தமும் காலி இருக்கைகள் வரை போய்த் திரும்பி வந்ததை டேல் மட்டும்தான் கேட்டார்.