ஜெர்மன் வகுப்பும் என் கையெழுத்தும்

1. முகம் தெரியாத டீச்சர்

முதல் வகுப்பு நடந்த சனிக்கிழமை மத்தியானம் நான் செய்த வேலை, டெலிபோனுக்குக் காவல் இருந்தது. மோடம் ஓடும்போது யாராவது எக்ஸ்டென்ஷனைத் தூக்கிவிட்டால் லைன் அறுந்துவிடும். மறுபடி கிடைக்க அரை மணி நேரம் ஆகும். அதனால் ரிசீவர் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு வெளி அறையில் உட்கார்ந்திருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டை ஒட்டிய ஒரு மாடியில் எங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. நான் மேனேஜர். டைப்ரைட்டர்கள் பாதி தூங்க ஆரம்பித்திருந்த காலம். முதலாளி ராகவன் சார் நான்கு கம்ப்யூட்டர், ஒரு ஏ.சி., ஒரு மோடம் வாங்கிப் போட்டு, பெயர்ப் பலகையையும் மாற்றினார். கம்ப்யூட்டர் ரூமுக்குள் செருப்பு போட்டுக்கொண்டு போகக் கூடாது என்று ஒரு அட்டையும் தொங்கியது.

ஒருநாள் சார் என்னைக் கூப்பிட்டார்.

"வசந்தா, ஜெர்மனியில ஒரு கப்பல் என்ஜின் பட்டறை. நம்ம ஊர் பசங்கள ஒரு வருஷம் ட்ரெய்னிங்குக்கு எடுத்துக்கறாளாம். அதுக்கு முன்னாடி ஆரம்ப ஜெர்மன் பாஸ் பண்ணணும். டீச்சர் அங்கேர்ந்தே இன்டர்நெட்ல சொல்லிக் குடுப்பா. நீதான் பாத்துக்கணும்."

"எப்படி சார்? மூஞ்சியே தெரியாம ஒருத்தி பாடம் எடுப்பாளா?"

"டைப் அடிச்சா அங்க தெரியும். அவா அடிச்சா இங்க தெரியும். அவ்வளவுதான்."

எனக்கு உடனே சந்தேகம் வந்தது. இது என் பிறவிக் குணம். பால்காரர் அளக்கும்போது குனிந்து பார்ப்பேன். கறிவேப்பிலை கொசுறாகக் கொடுத்தால் எதற்குக் கொடுத்தான் என்று யோசிப்பேன். ஜெர்மனி என்று சொல்லிக்கொண்டு கொட்டிவாக்கத்தில் யாரோ ஒருத்தி உட்கார்ந்து அடித்தால் நமக்கு எப்படித் தெரியும்?

அதனால் முதல் நாளே ஒரு சோதனை வைத்தேன். டீச்சர் பெயர் ஹெல்கா. இப்போது உங்கள் ஊரில் குளிர் எவ்வளவு என்று ஆங்கிலத்தில் கேட்கச் சொன்னேன். மைனஸ் இரண்டு என்று பதில் வந்தது. மறுநாள் பேப்பரில் உலக நகரங்களின் வெப்பநிலை போட்டிருக்கும் கட்டத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். மைனஸ் ஒன்று. சரி, போனால் போகிறது என்று ஹெல்காவை நம்பினேன்.

2. உறுதிமொழிப் படிவம்

மாணவர்கள் ஐந்து பேர். சனிக்கிழமை இரண்டரைக்கு ஆரம்பிக்கும். ஆளுக்கு இருபது நிமிடம், ஒருவர் பின் ஒருவராக. நடு வாரத்தில் வீட்டுப்பாடம் மெயிலில் போகும். எல்லாம் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் ஒரு படிவத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். 'இந்த மாணவர் எல்லாப் பாடங்களையும் தானே எழுதினார், வேறு யாரும் உதவவில்லை.' அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் ஜெர்மனி இல்லை.

நேரில் பார்க்காத டீச்சருக்கு நான்தான் கண். இதை நினைத்து எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. இப்போது சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஐந்து பேரில் இருவரைப் பற்றி மட்டும் சொன்னால் போதும். ஒருவன் ஸ்ரீராம். அடையாறில் வீடு, வீட்டிலேயே கம்ப்யூட்டரும் கனெக்ஷனும் உண்டு. அதனால் அங்கிருந்தே வகுப்பில் உட்காரச் சார் அனுமதித்திருந்தார். அவன் அப்பாவும் சாரும் மார்கழிக் கச்சேரிக்கு சபாவில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

இன்னொருவன் செல்வம். நொச்சிக்குப்பம். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்துவிட்டு, கரையிலேயே படகு என்ஜின்களைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தான். நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ். வந்ததும் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைப்பான்.

"மேடம், லைன் கெட்ச்சிச்சா? இல்ல, நான் அப்பால வர்ட்டா?"

மார்க் வரத் தொடங்கியது. செல்வம்தான் முதல். ஒவ்வொரு வாரமும் முதல். இன்னா என்றும் கீது என்றும் பேசுகிறவன் ஜெர்மனில் பிழையில்லாமல் எழுதுகிறானா? என் மூளையில் நண்டு ஊர ஆரம்பித்தது.

3. கண்ணாடிக் கதவு

ஏழாவது வாரமோ எட்டாவது வாரமோ, செல்வத்தின் நேரத்தில் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீபோர்டில் கஸ்தூரியின் விரல்கள் பறந்துகொண்டிருந்தன.

கஸ்தூரி எங்கள் டைப்பிங் இன்ஸ்ட்ரக்டர். ராயப்பேட்டையிலிருந்து வருகிறவள், டைப்பிங்கில் ஹையர் பரீட்சை பாஸ் செய்தவள். எனக்குக் கீழே பத்து வருட சர்வீஸ். காலையில் ஆபீஸ் மெயிலைத் திறந்து, பிரின்ட் எடுத்து, அவரவர் மேஜையில் வைப்பதும் அவள்தான். அப்போதெல்லாம் ஒரு ஆபீசுக்கு ஒரே மெயில் ஐ.டி.

அப்படியா சங்கதி என்று நினைத்தேன். வாரா வாரம் பாடங்கள் அவள் கையால் போகின்றன. பத்து வருடமாக எதை அடித்தாலும் படித்துப் புரிந்துகொள்கிற பெண். அவள் ஜெர்மனைக் கற்றுக்கொண்டு இவனுக்கு எழுதிக் கொடுக்கிறாள். கதை முழுசாக என் தலைக்குள் தயாராகிவிட்டது.

கதவைத் திறந்து என்ன நடக்கிறது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்கள் என்று எனக்கு ஒரு நியாயம் இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, சாவி என்னிடம்தானே என்று தனியாக ஆபீசுக்குப் போனேன். ஹெல்காவுக்குப் புகார் மெயில் எழுத வேண்டும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மேனேஜருக்கு டைப்பிங் தெரியாது என்றால் சிரிப்பீர்கள். எனக்குத் தெரியாது. என் கடிதங்களை நான் பேப்பரில் எழுதுவேன், கஸ்தூரி அடிப்பாள். அதுதான் எல்லா ஆபீசிலும் வழக்கம். ஆனால் இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுக்க முடியுமா? ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன். பதினோரு வரிக்கு ஒன்றே கால் மணி நேரம். செல்வத்தின் பாடங்களை வேறு ஒருவர் எழுதுகிறார், அவன் படிவத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அனுப்பிவிட்டு, மெரினா காற்று வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

4. பதில்

திங்கட்கிழமை காலை கஸ்தூரி ஒரு பிரின்ட்அவுட்டை என் மேஜையில் வைத்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை.

"மேடம், உங்களுக்குப் பதில் வந்திருக்கு. நான் அடிக்காத மெயிலுக்கு."

பதில் அவள் வழியாகத்தான் வரும் என்பது, இத்தனை சந்தேகப்பட்ட எனக்குத் தோன்றவே இல்லை. ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் தேடின கதைதான்.

ஹெல்கா எழுதியிருந்தது சுருக்கமாகச் சொன்னால் இது. உங்களிடமிருந்து இதற்கு முன் வந்த கடிதங்கள் ஒரு பிழை இல்லாமல் இருந்தன. இதில் வரிக்கு வரி பிழை. இதை எழுதியது நீங்கள்தானா, அல்லது உங்கள் பெயரில் வேறு யாராவதா? உங்கள் சென்டரில் யார் எழுதுவது யார் பெயரில் வருகிறது என்று எனக்கு இனி நிச்சயமில்லை. ஆகவே ஐந்து பேரிடமும் நானே போனில் பேசுவேன்.

பிரின்ட்அவுட்டை நான்காக மடித்தேன். கஸ்தூரி நின்றுகொண்டே இருந்தாள்.

"அவனுக்கு டைப்பிங் வராது மேடம். ஒரு பதில் அடிக்கறதுக்குள்ள இருபது நிமிஷம் போயிடும். நோட்டுல எழுதி வெச்சுப்பான், நான் பாத்து அடிச்சுக் குடுப்பேன். அந்தம்மா கேள்வி கேட்டா வாயால சொல்லுவான், எழுத்துக் கூட்டிச் சொல்லுவான். எனக்கு ஜெர்மன்ல ஒரு எழவும் தெரியாது."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே கஸ்தூரி?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு? பத்து வருஷமா உங்க லெட்டரும் நான்தானே அடிக்கறேன். அதெல்லாம் நான் எழுதினதா மேடம்?"

அவள் சொன்னது முழுக்க நியாயம். எழுதுகிறவர் ஒருவர், அடிக்கிறவர் ஒருவர். அந்த மாடியில் இருபது வருடமாக நாங்கள் சோறு தின்றதே அந்த ஏற்பாட்டில்தான். அதையே ஒரு குப்பத்துப் பையன் செய்ததும் எனக்கு மோசடியாகத் தெரிந்திருக்கிறது. அவமானமாக இருந்தது. ஆனால் அப்போதும் வாய் திறந்து மன்னிப்புக் கேட்கவில்லை. அவன் நோட்டைக் கொண்டுவரச் சொல், பார்க்கலாம் என்றேன். சந்தேகம் அவ்வளவு சீக்கிரம் போகிற வியாதி இல்லை.

நோட்டு வந்தது. கிரீஸ் கைரேகையோடு, அடித்தல் திருத்தலோடு, பக்கம் பக்கமாக அவன் கையெழுத்து. புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

5. எக்ஸ்டென்ஷன்

அடுத்த சனிக்கிழமை ஹெல்கா ஐ.எஸ்.டி.யில் கூப்பிட்டாள். உள் அறையில் ஒரு ரிசீவர், என் மேஜையில் எக்ஸ்டென்ஷன். லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் நானும் காதில் வைத்துக்கொண்டேன். சாரும் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

எனக்கு ஜெர்மனில் ஒரு வார்த்தையும் தெரியாது. ஆனாலும் செல்வம் பேசியது பேச்சு என்று தெரிந்தது. தடுக்கினான், நின்றான், மறுபடி பிடித்தான். ஒரு இடத்தில் ஹெல்கா சிரித்தாள். என்ஜின் எப்படி முக்குகிறது என்று அவன் வாயால் சத்தம் போட்டுக் காட்டினான் போலிருக்கிறது, அவள் மறுபடி சிரித்தாள். பதினைந்து நிமிடம் போனது.

மற்ற மூவரும் ஏதோ சமாளித்தார்கள். கடைசியில் ஸ்ரீராம். இதற்காகவே அடையாறிலிருந்து அப்பாவின் காரில் வந்திருந்தான். குட்டன் டாக் என்றான். ஹெல்கா ஏதோ கேட்டாள். பதில் இல்லை. வேறு ஏதோ, மெதுவாகக் கேட்டாள். பதில் இல்லை. லைனில் ஐ.எஸ்.டி. இரைச்சல் மட்டும் கேட்டது. மொழி தெரியாதவளுக்கும் மௌனம் புரியும்.

வெளியே வந்து, தொண்டை சரியில்லை என்றான். பிறகு அவனாகவே சாரிடம் ஒப்புக்கொண்டான். அவன் அக்கா தியாகராய நகரில் இரண்டு வருடம் ஜெர்மன் படித்தவள். அடையாறு வீட்டில் வாரா வாரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தது அவள்தான்.

"நீ அவாத்துக்கு ஒரு தடவையாவது போய்ப் பாத்தியா வசந்தா?" என்றார் சார்.

"நீங்கதானே சார் அனுமதி குடுத்தேள்?"

"நான் குடுத்தேன். கையெழுத்துப் போட்டது யாரு?"

ஸ்ரீராமின் படிவத்தில், பாடங்கள் முடியும்வரைகூடக் காத்திருக்காமல், இரண்டு வாரத்துக்கு முன்பே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தேன். படித்துக்கூடப் பார்க்கவில்லை. பாலுக்கும் கறிவேப்பிலைக்கும் சந்தேகப்பட்டவள், ஹெல்கா இருக்கிற ஊரின் குளிரையே சரிபார்த்தவள், அந்த வீட்டின் மேல் மட்டும் ஒரு சந்தேகமும் படவில்லை. நல்ல குடும்பம் என்ற ஒரே காரணம் எனக்குப் போதுமாக இருந்தது.

6. படிவம்

மறு வாரம் முடிவு வந்தது. ஸ்ரீராமைத் தவிர நால்வரும் தேர்வு. அன்றைக்கே செல்வத்தின் படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். தேதி போட்டேன், சென்டர் முத்திரையை அழுத்திக் குத்தினேன். அதைக் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று இரண்டு நாளாக மனதுக்குள் வாக்கியம் கோத்துக்கொண்டிருந்தேன்.

அவன் வந்தான். செருப்பை ஓரத்தில் வைத்தான். கஸ்தூரிக்கு ஒரு பொட்டலத்தில் ஸ்வீட் கொடுத்துவிட்டு என்னிடமும் நீட்டினான். நான் எடுத்துக்கொண்டு படிவத்தை அவன் பக்கம் தள்ளினேன்.

"செல்வம், இந்தா. எல்லாம் போட்டுட்டேன். நான் தப்பா நெனச்சுட்டேன்."

அவன் படிவத்தைத் தொடவில்லை.

"வாணாம் மேடம். அந்தம்மா ஃபோன்லயே சொல்ட்ச்சி. இந்த சென்டர் கையெழுத்து இனிமே அவுங்களுக்குத் தேவையில்லியாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் மழை வரும் போலிருக்கிறது என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டான்.

"ஏன் மேடம், நான் வாரா வாரம் உன் மேஜையத் தாண்டித்தானே உள்ள போறேன்? என்னாண்ட ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல?"

பதில் என்னிடம் இருந்தது. கேட்டாலும் உன்னை நம்பியிருக்க மாட்டேன், அதனால்தான் கேட்கவில்லை. இதை ஒரு மனிதனின் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? அவன் படியிறங்கிப் போய்விட்டான்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சந்தேகப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். சரிபார்க்கத்தான் நமக்குச் சம்பளம். ஆனால் ஒருவர் மேல் சந்தேகம் வந்தால் முதலில் அவரிடம் போய்க் கேளுங்கள். யார் மேல் உங்களுக்குச் சந்தேகமே வருவதில்லை என்று ஒரு பட்டியல் போட்டு, அந்த வீட்டுக் கதவை முதலில் தட்டுங்கள். நான் இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு நாற்பத்தாறு வயது, கையெழுத்துக்கு மதிப்புப் போயிருந்தது.